மேலவீட்டு மாமன் விருந்து என்னைக்கு

வெள்ளப்பாறைப்பட்டி,
6-1-2025

அன்பு மாப்ள சூரியபிரகாஷ்,

பேயாண்டி மாமன் எழுதுகிறேன். நம்பு, என் கையாலேதான் எழுதுகிறேன். நீயும் என் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் உன் அத்தை ஜெயக்கொடிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. தமிழ்வாணி டீச்சர் சொல்லிக்கொடுக்கிறது. இப்போது உசிலம்பட்டியில் பஸ் போர்டை நானே படிக்கிறேன். போன வாரம் நம் ஊர் பஸ் வந்தும் ஏறாமல் நின்றேன். மற்ற போர்டுகளையும் படித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். உரமூட்டை, சோப்பு உறை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படிக்கிறேன். "மைக் செட்டுக்காரன் மாதிரி கத்தாதீங்க" என்று உன் அத்தை திட்டுகிறாள்.

சந்தோஷத்தைச் சொல்லிவிட்டேன். இனி விஷயம்.

திவ்யா போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. உனக்குப் பரிசம் போட இருந்த அன்று காலையில் போனாள். காலனித் தெரு விக்ரமைக் கட்டிக்கொண்டாள். இதை உனக்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் எனக்கு வேறு ஆள் இல்லை. அவள் இருக்கும் ஊர் தெரியாது, நம்பரும் மாற்றிவிட்டாள். மார்கழி பிறந்ததும் பங்காளிப் பயல் விருமாண்டி அவளைத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறான். நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாளாம், ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாளாம். இவன் கிட்டே போவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள். ஊருக்கு வந்து விருமாண்டி முதலில் சொன்னது என்னிடம் இல்லை. என் தம்பி நல்லகாமனிடம்.

நல்லகாமன் என் வாசலில் வந்து நின்று சிரித்தான். "அண்ணே, முழுகாம இருக்காளாம்ல ஒம் மக. அப்ப மணி கட்ட வந்துதான ஆகணும்? வரட்டும். கருப்பு முன்னாடி வச்சே முடிச்சிருவோம்" என்றான்.

எதை முடிப்பான் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அரிவாளைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கி வைத்திருக்கிறான்.

நம் பங்காளி வீட்டில் பிறந்த பெண், தலைப்பிள்ளை சுமந்தால் பங்குனிப் படையலில் கருப்பு கோயில் வேலில் மணி கட்டாமல் பிள்ளை பெறுவதில்லை. திவ்யா எதை விட்டாலும் இதை விடமாட்டாள். முக்காடு போட்டுக்கொண்டாவது வந்துவிடுவாள். அவள் வரக்கூடாது மாப்ள. அதை எப்படியாவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களுக்குப் போனில் பக்கம் போட்டுக் கொடுப்பதாகவும், யார் தேடினாலும் அது வந்து நிற்கும் என்றும் ஒரு கல்யாணத்தில் சொன்னாய். எனக்கு ஒரு பக்கம் போடு. பேர் 'பேயாண்டி மகள் திவ்யா வராதே' என்று இருக்கட்டும்.

போன் செய்யாதே. என் போனுக்கு ரீசார்ஜ் போடுவது நல்லகாமன் மகன். நான் பேசினால் பக்கத்தில் வந்து நிற்கிறான். டீச்சர் பேருக்குப் பள்ளிக்கூடத்துக்கு எழுது. நான் படிப்பேன் என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. இப்போதைக்கு அது நல்லதுதான்.

இப்படிக்கு,
மெதுவாக எழுதும் மாமன்,
பேயாண்டி


மதுரை,
21-1-2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தது. "எங்கண்ணன் எழுத்தாடா இது? புள்ளிக் கோலம் மாதிரில்ல இருக்கு" என்று சிரித்துவிட்டு, நான் படித்துக் காட்டியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது.

பொங்கல் நேரத்து வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

நீங்கள் சொல்லும் பேரில் பக்கம் போட முடியாது மாமா. காரணத்தைச் சொல்கிறேன். அழகர்கோவில் ரோட்டில் முத்திருளன் என்பவர் லாட்ஜ் வைத்திருக்கிறார். இணையத்தில் அதற்கு ஒரு முகவரி வாங்கினார். குலசாமி பேர், அப்பா பேர், தாத்தா பேர், எல்லாம் சேர்த்து ஒரு முழ நீளம். ஒரு ஆள்கூட வரவில்லை. "அண்ணே, அழகருக்கு வாரவனுக்கு உங்க தாத்தாவத் தெரியுமா? அவன் என்னத்தத் தட்டித் தேடுவான்?" என்று கேட்டேன். 'அழகர்கோவில் தங்கும் அறை' என்ற சொற்களையே முகவரியாக மாற்றினோம். இப்போது போன் ஓயவில்லை. கோயம்புத்தூரிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள், திருச்சியிலிருந்து எத்தனை பேர் என்று ஊர்வாரியாகவும் எனக்குத் தெரியும்.

முகவரி நம் பேரைச் சொல்லக் கூடாது. தேடுகிறவர் வாயில் இருக்கும் சொல்லைச் சொல்ல வேண்டும். தன் பேரைத் தானே யாரும் தேடுவதில்லை. அந்தப் பேரைத் தேடுகிறவர்கள் வேறு ஆட்கள். சின்ன மாமா நல்லகாமன் மகனிடம் நல்ல போன் இருக்கிறது.

அவளைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சூரியபிரகாஷ்


வெள்ளப்பாறைப்பட்டி,
4-2-2025

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு பகல் முழுக்க ஆனது. முத்திருளன் லாட்ஜில் வந்ததும் சிரித்துவிட்டேன். எழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வரும் என்று இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது. தங்கச்சிக்கு நொச்சி இலை அனுப்புகிறேன். வெந்நீரில் போட்டு ஒத்தடம் கொடு.

அவள் என்னத்தைத் தட்டுவாள் என்று கேட்டாய். கேள்வி என்னை உட்கார விடவில்லை. களையெடுக்கும்போதும் அதே நினைப்பு.

படையல் நாள் காலண்டரில் வராது. பங்காளிகள் மாசியில் கூடிக் குறிப்பார்கள். குறித்ததை அச்சடிக்க மாட்டார்கள், வீடு வீடாக வாயால் சொல்வதுதான் நம் வழக்கம். வெளியூரில் இருப்பவன் போன் போட்டுக் கேட்டுக்கொள்வான். திவ்யா யாருக்குப் போன் போடுவாள்? போனையே கேட்டுப் பார்ப்பாள். 'வெள்ளப்பாறைக் கருப்பு படையல் என்றைக்கு' என்று தட்டுவாள்.

இப்படி நினைத்து ஒரு பகல் சந்தோஷமாக இருந்தேன். பிறகு பகீர் என்றது. திருப்பூரில், சென்னையில் இருக்கும் பங்காளிப் பயல்கள் எல்லாரும் இதைத்தானே தட்டுவார்கள்? நல்லகாமன் மகனும் தட்டுவான். பக்கம் போட்டவன் யார் என்று தோண்டுவான்.

அப்போதுதான் ஒன்று புத்தியில் பட்டது. நம் பெண்கள் வயசுக்கு வந்தபின் சாமி பேரைச் சொல்ல மாட்டார்கள். வாயில் வராத பேர் விரலில் மட்டும் வருமா? ஆம்பளைகள் முன்னால் 'கோயில்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தங்களுக்குள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் தெரியாது. உன் அத்தையிடம் கேட்டேன்.

"எதுக்குக் கேக்குறீக?" என்றாள்.

"சும்மாதான்."

"சும்மாவா? அண்ணனும் தம்பியும் சேந்து எம் மகளுக்கு வலை கட்டுறீகளா?"

திவ்யா போனதிலிருந்து உன் அத்தை என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டைத் தரையில் வைக்கும் சத்தம்தான் அழைப்பு. நான் உன் கடிதத்தை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லாக. அவள் சுளகில் இருந்த பயறைப் புடைக்காமல் கேட்டாள். முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நேற்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது முதுகுப் பக்கம் வந்து நின்றாள்.

"மேலவீட்டு மாமன்" என்றாள். "மாமன் விருந்து என்னைக்குன்னு கேப்போம். எனக்கு எங்க மாமியா சொன்னது. நான் அவளுக்குச் சொன்னது. அவளுக்கு வேற வார்த்தை தெரியாது."

சொல்லிவிட்டு அழுதாள். மாடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

சீக்கிரம் போடு மாப்ள. மாசி பிறக்கப் போகிறது.

மாமன்,
பேயாண்டி


மதுரை,
19-2-2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நொச்சி ஒத்தடத்தில் அம்மா நன்றாக நடக்கிறது. அத்தையும் நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஆயிரம் பேர் தட்டும் சொல்லைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒரே ஒருத்தி மட்டும் தட்டும் சொல்லை யாரும் கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன். வெறும் 'மாமன் விருந்து' என்றால் ஆட்டுக்கறிச் சமையல் வீடியோக்களாக வருகின்றன. 'மேலவீட்டு' சேர்ந்ததும் ஒன்றுமே இல்லை. அந்த மூன்று சொல்லையும் உலகத்தில் இதுவரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. காலி மைதானம். அங்கே நாம் ஒரு குச்சி நட்டாலும் அதுதான் முதலில் தெரியும்.

முகவரி வாங்கிவிட்டேன். நம் ஆட்கள் போனில் தட்டுவதுபோலவே தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில், சொல்லுக்குச் சொல் நடுவே சின்னக் கோடு. பக்கத்தின் தலைப்பில் அதையே தமிழில் வைக்கிறேன்: 'மேலவீட்டு மாமன் விருந்து என்னைக்கு'.

தலைப்புக்குக் கீழே என்ன எழுதுவது? 'வராதே' என்று எழுத முடியாது. வேறு யாராவது பார்த்துச் சின்ன மாமாவிடம் சொன்னால், நீங்கள் எழுதியதுதான் என்று தெரிந்துவிடும்.

மாமா, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அவளைத் தலைமுழுகிய அன்று நானும் ஊருணிக் கரையில் நின்றேன். "எனக்கு மக இல்லை" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. இப்போது அவளைத் தேடுவது நீங்களா, அல்லது உங்கள் கையைப் பிடித்து வேறு யாராவது எழுத வைக்கிறார்களா?

தவறாக நினைக்க வேண்டாம்.

சூரியபிரகாஷ்


வெள்ளப்பாறைப்பட்டி,
1-3-2025

அன்பு மாப்ளைக்கு,

சுகம். உன் சுகமும் தங்கச்சி சுகமும் வேண்டுகிறேன்.

முழுகியது உண்மை. நல்லகாமன் என் தோளைப் பிடித்து அமுக்கினான். தண்ணீருக்குள் நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். என் கையைப் பிடித்து எழுத வைப்பது டீச்சர் மட்டும்தான். அதுவும் 'ஞ' எழுதும்போது மட்டும்.

கீழே எழுத்து ஒன்றும் வேண்டாம். ஒரு படம் போடு. திவ்யா பள்ளிக்கூடத்தில் படித்தபோது நல்லகாமன் எங்கள் வீட்டோடு இருந்தான். குடித்துவிட்டு வந்தால் கையில் கிடைப்பதை எடுத்து அடிப்பான். அந்த நாளில் நான் வாசல் வேம்பில் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவேன். அவள் பஸ்ஸை விட்டு இறங்கித் துண்டைக் கண்டால் வீட்டுக்கு வரமாட்டாள். நேராக விருமாண்டி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். துண்டை எடுத்த பிறகுதான் வருவாள். எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்தது. உன் அத்தைக்கே நேற்றுத்தான் சொன்னேன்.

அதே வேம்பு, அதே மாதிரித் துண்டு. டீச்சர் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பும். மரத்தில் துண்டைக் கட்டும்போது நல்லகாமன் பார்த்துவிட்டான். "என்னண்ணே, பயலுக கட்சிக்கொடி கட்டச் சொன்னாய்ங்களா?" என்றான். "காயப் போடுறேன்டா" என்றேன். துண்டின் ஓரத்தை இழுத்து விரித்துவிட்டேன்.

பங்காளிகள் கூடிவிட்டார்கள். படையல் ஏப்ரல் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. தேதியைப் படத்துக்கு மேலே போடு. தேதி இருந்தால்தான் அவள் நம்புவாள்.

மாமன்,
பேயாண்டி


மதுரை,
15-3-2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது, தலையில் துண்டு போடாமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

பக்கம் ஏறிவிட்டது. அந்தச் சொற்களைத் தட்டினால் முதலில் அதுதான் நிற்கிறது. மேலே தேதி, கீழே படம், மூலையில் சின்னதாக ஒரு தேடும் பெட்டி. அது எல்லாப் பக்கத்திலும் நாங்கள் வைப்பது. அதில் யார் என்ன தட்டினாலும் எழுத்து எனக்கு வந்துவிடும்.

பல நாள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. நேற்று ஒருவர் வந்தார். படத்தை விட்டு நகராமல் வெகுநேரம் இருந்தார்.

சூரியபிரகாஷ்


வெள்ளப்பாறைப்பட்டி,
22-3-2025

மாப்ள,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

வந்தது யார்? எந்த ஊர்? ஊர்வாரியாகத் தெரியும் என்று நீதானே எழுதினாய். நான் மறக்கவில்லை, உன் கடிதங்களைத் தினமும் படிக்கிறேன். திருமங்கலமா? அதற்கு அங்கிட்டா? அவள்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரோ தவறி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால்?

நல்லகாமன் கோயிலுக்குப் போகும் வண்டிப்பாதையில் புளியமரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறான். உட்கார இடமாம். விருமாண்டியை பஸ் நிறுத்தத்தில் காவல் நிற்கச் சொல்லியிருக்கிறான். உன் அத்தை சாமி வீட்டுப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்றால் நான் முன்னாடியே போய் அவளை வழியில் நிறுத்திவிடுவேன். அதற்கு ஊர் தெரிய வேண்டும். ஊரை எழுது. உடனே எழுது. ஊரை மட்டும் எழுது.

பேயாண்டி


வெள்ளப்பாறைப்பட்டி,
7-4-2025

அன்பு மாப்ளைக்கு,

நீ பதில் போடவில்லை. தினமும் தபால்காரரை ரோட்டிலேயே மறித்து, டீச்சருக்குத் தபால் உண்டா என்று கேட்டேன். "டீச்சர் தபால் ஒங்களுக்கு எதுக்குங்கய்யா?" என்று அவர் சிரித்தார். உனக்கு உடம்பு சரியில்லையா, தங்கச்சிக்கு ஏதாவதா என்று பயமாக இருக்கிறது.

படையல் முடிந்தது.

காலையிலிருந்து நான் பஸ் நிறுத்தத்துக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். விருமாண்டி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்ன பெரியப்பா, கால் தங்கல?" என்றான். "பொங்கப்பானைக்கு வெறகு பத்தல" என்றேன். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் முக்காடு போட்ட பெண் இறங்கும்போது குனிந்து முகத்தைப் பார்த்தேன். ஒருத்திக்கு வயிறு தள்ளியிருந்தது. ஓடிப் போய் முன்னால் நின்றேன். அவள் செக்கானூரணிப் பெண், பங்காளி பேத்தி. "என்ன தாத்தா?" என்றாள். "ஒண்ணுமில்ல ஆத்தா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு அவள் பையை வாங்கிக்கொண்டு கோயில் வரை நடந்தேன்.

புளியமரத்தடியில் நல்லகாமனும் அவன் மகனும் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மற்றப் பெண்கள் மணி கட்டினார்கள். பானைகள் ஆறின. திவ்யா வரவில்லை.

நல்லகாமன் எழுந்து வேட்டியை உதறினான். "சாமி பயம்கூட விட்டுப்போச்சு அவளுக்கு" என்றான்.

எனக்கு அந்த நேரம் கருப்பு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அத்தை ஒரே கேள்வி கேட்டாள். "துண்டப் பாத்துட்டு வரலையா? இல்ல வர முடியாமலே போயிருச்சா?"

அதையே நான் உன்னிடம் கேட்கிறேன். பதில் உன்னிடம் இருக்கிறதா?

மாமன்,
பேயாண்டி


மதுரை,
2-5-2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவும் நானும் நலம். சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டதால் லாட்ஜ்காரர்கள் எல்லாரும் முகவரி வேண்டும் என்று நிற்கிறார்கள். வேலை நெருக்கடி.

வெயிலில் அலையாதீர்கள். மற்றவை நேரில்.

சூரியபிரகாஷ்


வெள்ளப்பாறைப்பட்டி,
11-5-2025

அன்பு மாப்ள சூரியபிரகாஷ்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அதைப் படிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. படித்து முடித்த பிறகு வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும் என்று டீச்சர் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது நானாகப் படித்தது.

நீ என்னை நம்பவில்லை. அது சரிதான். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

ஆனால் ஒன்று கேள். பரிசம் போட இருந்த அன்று விடிந்ததும் நீ எல்லாருக்கும் முன்னால் தனியாக பைக்கில் வந்தாய். பூ வாங்கப் போவதாகச் சொல்லித் திரும்பப் போனாய். உன் வண்டியில் இரண்டு ஹெல்மெட் தொங்கின. நம் ஊரில் ஒரு ஹெல்மெட் போடுகிறவனே கிடையாது. ஒன்று முகம் முழுக்க மூடுவது, புதுசு, விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அது யார் தலைக்கு என்று தெரிந்துவிட்டது.

பார்த்தேன். பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேற்கே போய்விட்டேன். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

விக்ரம் வந்து கூட்டிப்போனான் என்று ஊர் பேசுகிறது. கட்டிக்க இருந்தவனே ஏற்றிப் போனான் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. நான் எழுதக் கற்றதும் முதல் கடிதத்தை உனக்கு எழுதியதற்கு அதுதான் காரணம்.

ஊரை எழுத வேண்டாம். கேட்டது என் தப்பு. என் வாய் காக்கும், முகம் காக்காது. நல்லகாமன் முகத்தைப் பார்த்தே கறந்துவிடுவான். அவள் உயிரோடு இருக்கிறாளா, அது மட்டும் போதும். எழுத முடியாது என்றால் வெறும் தாளை மடித்து அனுப்பு. இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தங்கச்சியை நன்றாகப் பார்த்துக்கொள்.

மாமன்,
பேயாண்டி


மதுரை,
16-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். முதலில் உங்கள் நலமும் அத்தை நலமும். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் நான் மட்டும் படித்தேன். அன்று அவளை மாட்டுத்தாவணியில் விக்ரம் கையில் ஒப்படைத்தேன். அதற்குப்பின் எனக்கும் அவர்கள் நம்பர் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று மூவரும் பேசி வைத்தோம். முதல்முறை பக்கத்துக்கு ஒருவர் வந்தபோதுதான் ஊர் தெரிந்தது. என்னிடம் நீங்கள் மூன்று முறை ஊரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதவில்லை.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். படையல் அன்று மத்தியானம் தேடும் பெட்டியில் இரண்டு சொல் விழுந்தது. 'துண்டு கிடக்கா'. படம் அப்படியே இருந்தது. அதுவே அவளுக்குப் பதில். அவள் பார்த்தாள் மாமா. பார்த்துத்தான் வரவில்லை.

வெறும் தாள் அனுப்பலாம் என்று நேற்று வரை வைத்திருந்தேன். இன்று காலை பெட்டியில் மறுபடி எழுத்து வந்தது.

'பேயாண்டி மூணு கிலோ'

யாரோ உங்களைத்தான் தேடுகிறார்கள் என்று பதறிப்போய் போனை அம்மாவிடம் நீட்டினேன். வாசித்துக் காட்டியதும் அம்மா என் தலையில் ஒரு போடு போட்டது. "அடக் கிறுக்குப் பயலே, எங்கண்ணன் மூணு கிலோவாடா இருப்பாரு? புள்ள பொறந்திருக்குடா!" என்றது.

உங்களுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்.

உங்கள் மாப்ள,
சூரியபிரகாஷ்


வெள்ளப்பாறைப்பட்டி,
24-6-2025

அன்பு மாப்ள சூரியபிரகாஷ்,

நாங்கள் நலம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் முதன்முதலில் எழுதக் கற்றது என் பேர். சிலேட்டு முழுக்க அதையே எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தில் அதே பேரைக் கண்டேன், எழுத்து எழுத்தாகப் படித்தேன், அது என்னைச் சொல்லவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் படிப்பில் இருக்கிறது என்று டீச்சர்கூடச் சொன்னதில்லை. முதல் பேரனுக்கு அவன் அப்பனைப் பெற்றவர் பேரைத்தான் வைப்பார்கள். விக்ரம் வீட்டில் அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

உன் அத்தை கடிதத்தைப் பிடுங்கி, "எதுங்க அவன் பேரு? எதுங்க?" என்றாள். அவள் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்தேன். விரலை எடுக்கவே இல்லை. பிறகு சோறு போட்டுவிட்டு, "சாப்புட வாங்க" என்றாள்.

தலைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது அம்மாவைப் பெற்ற வீட்டார் முறை. உன் அத்தையின் மஞ்சள் சேலையை வேம்பில் தொட்டிலாகக் கட்டினேன். நல்லகாமன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"யாருக்குண்ணே தொட்டி? செவலைக் கன்னுக்குட்டிக்கா?"

"எனக்குத்தான்டா. உக்காந்து ஆடிக்கிட்டே பேப்பர் படிக்க."

"படிச்சுக் கிழிச்ச போ" என்று துப்பிவிட்டுப் போனான். அவன் போகும்போது இடுப்பைப் பார்த்தேன். அரிவாள் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே துண்டை எடுக்கவில்லை. டீச்சர் புதுப்படம் பிடித்து அனுப்பும். மேல்கிளையில் துண்டு, கீழ்க்கிளையில் தொட்டில். பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போடு. முகவரியை மாற்றாதே. எத்தனை வருடமானாலும் அந்தச் சொற்கள் நம்மிடமே இருக்கட்டும். அவள் மறுபடி அதைத் தட்டுவாள்.

தலைப்பில் 'மேலவீட்டு மாமன் விருந்து என்னைக்கு' என்று இருக்கிறதல்லவா? அதன் கீழே பழைய தேதி கிடக்கிறது. அதை அழித்துவிடு. நான் இங்கே எழுதுவதை எழுத்து மாறாமல் அங்கே போடு. அவள் என் எழுத்தைப் பார்த்ததில்லை. முடிந்தால் இந்தத் தாளில் அந்த வரியை மட்டும் படம் பிடித்துப் போடு.

இன்னும் நாள் குறிக்கவில்லை ஆத்தா. குறித்ததும் அப்பா எழுதுவேன்.